பதிவேட்டுக்கு முன் ஒரு பதிவேடு



அணைத்து வைத்திருந்த கைப்பேசியின் பொத்தானை அழுத்தினால் அது உடனே விழித்துக்கொள்வதில்லை. முதலில் நிறுவனத்தின் சின்னம் தெரிகிறது. நாம் சிறிது நேரம் காத்திருக்கிறோம். அதன் பிறகுதான் திரை திறக்கிறது. பள்ளியிலோ அலுவலகத்திலோ இருக்கும் கணினியும் அப்படித்தான். அந்தக் காத்திருப்பு நேரத்தில் உள்ளே பல வேலைகள் நடக்கின்றன. அவற்றுள் மிக முந்திய வேலை ஒன்று உண்டு. அந்த வேலை என்ன, அதைச் செய்யும் முறை 1991ஆம் ஆண்டிலிருந்து இன்றுவரை எப்படி மாறி வந்தது என்பதை இன்றைய பேச்சில் காண்போம்.

அது ஒரு கணக்கு வேலை. கணக்கு என்றதும் நம் சிகாமட் வட்டாரத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செக்ரோல் நினைவுக்கு வரும். விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். கிராணி பெயர்களைப் படிப்பார். யாருக்கு எந்த நிரை என்று சொல்லப்படும். ஒரே நிரையை இருவருக்குக் கொடுத்துவிட்டால் சண்டை வரும். யாருக்கும் கொடுக்காமல் விட்டுவிட்டால் அந்த நிரையின் பால் அன்று வீண். ஆகவே எல்லாம் புத்தகத்தில் ஒழுங்காக இருந்தாக வேண்டும்.

கணினிக்குள்ளும் இப்படி ஒரு கிராணி உண்டு. நினைவகம் என்ற தோட்டத்தை அவர் மேற்பார்வை செய்கிறார். பாட்டுக் கேட்கும் செயலி, படம் காட்டும் செயலி, கடிதம் அனுப்பும் செயலி என ஒவ்வொன்றுக்கும் வேலை செய்ய நினைவகத்தில் இடம் வேண்டும். அந்த இடத்தைச் சம அளவுள்ள துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கம் என்று பெயர். பெரும்பாலான கணினிகளில் ஒரு பக்கம் 4,096 பைட் அளவுடையது. எந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது, எது காலியாக இருக்கிறது என்று கணக்கு வைக்கும் கிராணியே இயங்குதளத்தின் நடுப்பகுதி. அதைக் கருநிரல் என்று அழைப்போம்.

இங்கே ஒரு சிக்கல் எழுகிறது. அந்தக் கிராணியின் பதிவேடு சின்னஞ்சிறு புத்தகம் அல்ல. இன்றைய லினக்ஸ் கருநிரல் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி எழுதி வைக்கிறது. 64 பிட் கணினிகளில் அந்த ஒரு வரிக்குச் சாதாரணமாக 64 பைட் பிடிக்கும். 4 ஜிகாபைட் நினைவகமுள்ள ஒரு கருவியை எடுத்துக்கொள்வோம். அதில் 10,48,576 பக்கங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் வரி எழுதினால் பதிவேடு மட்டுமே 64 மெகாபைட் ஆகிவிடுகிறது. இவ்வளவு பெரிய புத்தகத்தை எங்கே வைப்பது? நினைவகத்தில்தான் வைக்க வேண்டும். நினைவகத்தில் இடம் ஒதுக்குவது யார்? பதிவேடு வைத்திருக்கும் கிராணி. அவரோ பதிவேடு இல்லாமல் ஒரு பக்கத்தைக்கூட ஒதுக்க முடியாது. கோழி முந்தியா முட்டை முந்தியா என்ற பழைய கேள்வியே இங்கு வேறு உடையில் வந்து நிற்கிறது.

இந்த முடிச்சை நம் முன்னோர் வேறொரு விதத்தில் அறிவார்கள். கிம்மாஸிலிருந்து சிகாமட் வழியாக ஜொகூர் பாருவரை செல்லும் ரயில் பாதை 1909ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாதை வந்ததும் அதன் இரு மருங்கிலும் காடு அழிந்து ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. ஒரு புதுத் தோட்டம் திறக்கும்போது முதல் நாளே ஆபீசும் இல்லை, ஸ்டோரும் இல்லை, லயமும் இல்லை. ஆபீஸ் கட்டுவதற்கே ஓர் இடத்தை யாராவது அளந்து ஒதுக்க வேண்டும். ஆகவே அளவுகாரர் சங்கிலியும் முளைக்குச்சியும் கொண்டு வருவார். ஆற்றோரம், சதுப்பு, பாதைக்குரிய நிலம் ஆகியவற்றைக் குறித்துவிடுவார். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்தில் கணக்கு எழுதுவார். ஆபீஸ் எழுந்து, பெரிய பதிவேடுகள் வந்த பிறகு அந்த நோட்டுக்கு வேலை இல்லை. அதிலிருந்த கணக்கு பெரிய புத்தகத்துக்கு மாறிவிடும்.

கணினி செய்வதும் இதுவே. பெரிய கிராணி வருவதற்கு முன்னே ஒரு சிறிய, தற்காலிகக் கணக்கர் வருகிறார். அவர் பதிவேட்டுக்கு முந்திய பதிவேட்டை எழுதுகிறார். வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போய்விடுகிறார். இன்று நாம் காணப்போவது இந்தத் தற்காலிகக் கணக்கரின் வரலாறு.

லினக்ஸ் என்பது பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் எழுதத் தொடங்கிய கருநிரல். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் அனைத்தின் உள்ளேயும் இருப்பது அதுதான். சென்னையில் சீ-டாக் நிறுவனத்தினர் இந்திய மொழிகளுக்காக அமைத்த பாஸ் என்னும் இயங்குதளமும் லினக்ஸ் மீதே நிற்கிறது. தமிழ்நாட்டு அரசு 2011ஆம் ஆண்டு முதல் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த இயங்குதளம் இடம்பெற்றது. ஆகவே ஏதோ தொலைதூரத்துக் கதை என்று இதை நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். இது நம் சட்டைப் பைக்குள் நாள்தோறும் நடக்கும் கதை.

1991 செப்டம்பரில் வெளிவந்த முதல் பதிப்பில் கணினிக்கு எவ்வளவு நினைவகம் உண்டு என்பதை நிரலுக்குள்ளேயே கையால் எழுதி வைத்திருந்தார்கள். அந்தக் கணினிக்குச் சரி. அடுத்த வீட்டுக் கணினிக்குத் திருத்தி எழுத வேண்டும். அதே ஆண்டு டிசம்பரில் வந்த 0.11 என்ற பதிப்பில் ஒரு முன்னேற்றம் ஏற்பட்டது. கணினியின் பலகையில் நிலையாகப் பதிக்கப்பட்டிருக்கும் பயாஸ் என்ற சிறு நிரலைக் கேட்டு அளவைத் தெரிந்துகொண்டார்கள்.

அந்தப் பதிப்பில் கோழி-முட்டைச் சிக்கலை மிக எளிமையாகத் தீர்த்தார்கள். பதிவேட்டைக் கருநிரலோடு சேர்த்தே தைத்துவிட்டார்கள். அது 16 மெகாபைட்டுக்கு மேல் ஏற்காது. முதல் 1 மெகாபைட்டை விட்டு, மீதி 15 மெகாபைட்டுக்கு 3,840 பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே ஒரு பைட். ஆக 3,840 பைட்டில் முழுப் பதிவேடும் அடங்கியது.

அந்தப் பதிவேட்டை நிரப்பிய விதத்தைக் கவனியுங்கள். முதலில் 3,840 வரிகளிலும் 100 என்று எழுதினார்கள். 100 என்றால் ‘இது எடுக்கப்பட்டது’ என்று பொருள். அதன் பிறகு, உண்மையாகவே இருக்கிறது, காலியாகவும் இருக்கிறது என்று உறுதியான பக்கங்களுக்கு மட்டும் 100ஐ அழித்துப் பூஜ்யம் போட்டார்கள். 4 மெகாபைட் உள்ள கணினி என்றால் 768 வரிகளே பூஜ்யம் ஆகும். மற்ற 3,072 வரிகள் 100 ஆகவே நிற்கும். அந்த இடம் உண்மையில் இல்லை. ஆகவே அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது.

இந்த முறைக்குள் ஒரு நீதி இருக்கிறது. எல்லாம் காலி என்று தொடங்கி, பிறகு எடுக்கப்பட்டவற்றைக் குறிக்கலாம். அல்லது எல்லாம் எடுக்கப்பட்டவை என்று தொடங்கி, பிறகு காலியானவற்றைக் குறிக்கலாம். இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் தவறு நேரும்போது வேறுபாடு தெரியும். காலியான பக்கத்தை எடுக்கப்பட்டதாக எழுதிவிட்டால் 4,096 பைட் வீணாகும், அவ்வளவே. எடுக்கப்பட்ட பக்கத்தைக் காலி என்று எழுதிவிட்டாலோ, ஒரே இடத்தில் இருவர் குடியேறுவார்கள். ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதுவார். கணினி நின்றுபோகும், அல்லது அதைவிடக் கொடிதாக, நிற்காமலே தவறான விடை தரும். எனவே நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், மோதலைப் பொறுக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். கருவி எத்தனை முறை மாறினாலும் இந்த முடிவு மாறவில்லை என்பதை நாம் தொடர்ந்து காண்போம்.

தைத்த பதிவேட்டுக்கு ஒரு குறை இருந்தது. புத்தகத்தில் பக்கம் தீர்ந்தால் தோட்டம் வளர முடியாது. 16 மெகாபைட்டுக்கு மேல் வாங்கியவருக்கு அதனால் பயன் இல்லை. எனவே கணினியின் நினைவகத்துக்குத் தக்கபடி பதிவேட்டைப் பெரிதாகவோ சிறிதாகவோ அமைக்க வேண்டியதாயிற்று. அப்போது அதை வைக்க இடம் தேட வேண்டியிருந்தது.

1994 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 1.0 பதிப்பில் இதற்கு ஒரு வழி இருந்தது. துணிக்கடையில் துணி கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கட்டிலிருந்து ஒரு முனையில் அளந்து கிழிப்பார்கள். அடுத்தவருக்கு அங்கிருந்தே அளவு தொடங்கும். அதுபோலக் காலியான நினைவகத்தின் தொடக்கப் புள்ளி எது என்ற ஒரே ஓர் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டார்கள். கருநிரலின் ஒவ்வொரு பிரிவும் வரிசையாக வரும். அந்த எண்ணை வாங்கிக்கொள்ளும். தனக்கு வேண்டிய இடத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். புதிய தொடக்கப் புள்ளியைத் திருப்பித் தரும். அடுத்த பிரிவு அதை வாங்கிக்கொள்ளும். எல்லோரும் எடுத்து முடித்த பிறகு மிச்சத்தைப் பெரிய கிராணியிடம் ஒப்படைப்பார்கள்.

இது நல்ல முறையே. ஓர் எண்ணைத் தவிர வேறு கணக்கே வேண்டாம். ஆனால் கிழித்த துணியைக் கட்டோடு திரும்ப ஒட்ட முடியாதது போல, எடுத்த இடத்தைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை. நடுவில் ஓர் இடத்தை வேறொருவருக்கு வைத்திருக்கிறோம் என்று சொல்லவும் வழியில்லை. நினைவகம் ஒரே நீளத் துணியாக இருந்தால்தான் இந்த முறை ஒழுங்காக நடக்கும்.

உண்மையில் நினைவகம் ஒரே நீளமாக இல்லை. ஐ.பி.எம். நிறுவனம் 1981ஆம் ஆண்டில் தன் சொந்தக் கணினியை வெளியிட்டபோது 1 மெகாபைட் முகவரிப் பரப்பில் கீழே 640 கிலோபைட்டை நிரல்களுக்குக் கொடுத்தது. மேலே உள்ள 384 கிலோபைட்டைத் திரைக்கும் பயாஸுக்கும் என்று வைத்துக்கொண்டது. அந்தப் பள்ளம் பின்னாளில் வந்த கணினிகளிலும் தொடர்ந்தது. ஆற்றோரத்து நிலத்தைப் போன்றது அது. தோட்டத்து எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் அங்கே லயம் கட்ட முடியாது. 2006 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் சிகாமட்டில் பெருவெள்ளம் வந்ததைக் கண்டவர்களுக்கு, ஆற்றுக்குரிய இடத்தை ஆற்றுக்கே விட வேண்டியதன் அவசியத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. பயாஸிடம் நினைவக அளவைக் கேட்கும் பழைய முறையில் விடை 16 பிட் எண்ணாக வரும். அதில் சொல்லக்கூடிய மிகப் பெரிய தொகை 65,535 கிலோபைட். அதாவது ஏறக்குறைய 64 மெகாபைட்டுக்கு மேல் அந்தக் கணக்கருக்கு எண்ணத் தெரியாது. 1990களின் பிற்பாதியில் 128 மெகாபைட் வாங்கிப் பொருத்தியவர்களின் கணினியிலும் 64 மட்டுமே தெரிந்தது உண்டு. கணினி தொடங்கும்போது நினைவகம் 128 என்று அவர்களே தட்டச்சு செய்து சொல்ல வேண்டியிருந்தது. கூட்டிச் சொல்லிவிட்டாலோ கணினி இல்லாத இடத்தில் கால் வைத்து விழுந்துவிடும்.

பின்னர் ஈ820 என்ற புதிய கேள்விமுறை வழக்குக்கு வந்தது. இதில் விடை ஒரே எண்ணாக வருவதில்லை, பட்டியலாக வருகிறது. இந்த முகவரியிலிருந்து இவ்வளவு தூரம் பயன்படுத்தலாம், அடுத்த இவ்வளவு தூரம் தொடாதே, அதற்கு அடுத்தது பயன்படுத்தலாம் என்று வரி வரியாகச் சொல்லும். நில அளவை வரைபடம் கிடைத்தது போல ஆயிற்று. இப்போது அந்த வரைபடத்தைப் புரிந்துகொண்டு கணக்கு எழுதத் தெரிந்த ஒரு தற்காலிகக் கணக்கர் தேவைப்பட்டார்.

அந்தக் கணக்கர் 1999ஆம் ஆண்டில் வந்தார். அதற்குப் பூட்மெம் என்று பெயர். எழுதியவர் ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த இங்கோ மோல்னார். பெரிய இயந்திரங்களில் நினைவகம் ஒரே இடத்தில் இல்லாமல் தனித்தனிக் கூட்டங்களாகப் பிரிந்து கிடப்பதுண்டு. அவற்றுக்கும் இது பயன்படும்படி அதே ஆண்டு நவம்பரில் எஸ்.ஜி.ஐ. நிறுவனத்தின் கனோஜ் சர்க்கார் விரிவுபடுத்தினார்.

பூட்மெம்மின் நோட்டுப் புத்தகம் மிகச் சிக்கனமானது. ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு பிட். ஒன்று என்றால் எடுக்கப்பட்டது. பூஜ்யம் என்றால் காலி. 128 மெகாபைட் உள்ள கணினியில் 32,768 பக்கங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு 32,768 பிட், அதாவது 4,096 பைட். எட்டு எட்டாகச் சேர்த்துப் பாருங்கள்: மிகச் சரியாக ஒரே ஒரு பக்கம்! 32,768 பக்கங்களின் கணக்கும் ஒரு பக்கத்தில் அடங்கிவிட்டது.

அது வேலை செய்த ஒழுங்கைப் படிப்படியாகக் காண்போம். முதலில் எல்லாப் பிட்டுகளிலும் ஒன்று எழுதும். 1991இல் 100 எழுதிய அதே நீதி. அடுத்து வரைபடத்தைப் பார்த்து, பயன்படுத்தலாம் என்று சொல்லப்பட்ட இடங்களைப் பூஜ்யமாக்கும். அதற்கு அடுத்து கருநிரல் தானே உட்கார்ந்திருக்கும் இடத்தை மறுபடி ஒன்று ஆக்கும். கடைசியாக, இந்த நோட்டுப் புத்தகம் இருக்கும் பக்கத்தையும் ஒன்று ஆக்கும். கணக்கர் தன் நாற்காலி பிடிக்கும் இடத்தையும் கணக்கில் எழுதிவிடுகிறார். அதை மறந்தால் என்ன ஆகும்? முதலில் இடம் கேட்டு வருபவருக்கே கணக்கு நோட்டைக் கொடுத்துவிடுவார். அவர் அதன் மேல் தம் எழுத்தை எழுதுவார். அத்தோடு எல்லாக் கணக்கும் அழியும்.

இவ்வளவும் ஆன பிறகு பிரிவுகள் வந்து இடம் கேட்கும். பூட்மெம் காலியான பிட்டைத் தேடிக் கொடுக்கும். பெரிய கிராணியின் பதிவேட்டுக்கும் இடம் கொடுப்பது இதுதான். பதிவேடு அமைந்ததும், காலியாக உள்ள ஒவ்வொரு பக்கத்தையும் கிராணியிடம் எண்ணி ஒப்படைக்கும். இறுதியில் தன் நோட்டு இருந்த பக்கத்தையும் ஒப்படைத்துவிடும். அத்தோடு பூட்மெம்மின் வேலை அந்தத் தொடக்கத்துக்கு முடிந்தது. கணினியை மறுபடி அணைத்துத் தொடங்கினால்தான் அதற்கு மறுபிறவி.

பெரிய கிராணியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த முறைக்குத் தோழர் முறை என்று பொருள்படும் பெயர் வழங்குகிறது. 1, 2, 4, 8 என்று இரட்டித்துச் செல்லும் கட்டுகளாகப் பக்கங்களை வைத்திருப்பார்கள். சிறிய கட்டு வேண்டுமானால் பெரியதை இரண்டாகப் பிளப்பார்கள். இரு பாதிகளும் திரும்பி வந்தால் மீண்டும் ஒன்று சேர்ப்பார்கள். 1963ஆம் ஆண்டில் ஹாரி மார்க்கோவிட்ஸ் இதைக் கண்டார் என்று சொல்வர். 1965ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த கென்னத் நோல்ட்டன் இதை விளக்கிக் கட்டுரை வெளியிட்டார். மார்க்கோவிட்ஸ் பின்னர் 1990இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். இந்தக் கிராணி வேகமானவர், திறமையானவர். ஆனால் பதிவேடு இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க மாட்டார். அதனால்தான் அவருக்கு முன் இன்னொருவர் தேவைப்பட்டார்.

பூட்மெம்முக்கும் மூப்பு வந்தது. நினைவகம் பெருகப் பெருக அதன் நோட்டும் பெருகியது. 8 ஜிகாபைட்டுக்கு 256 கிலோபைட் நோட்டு வேண்டும். நடுவில் பெரும் பள்ளங்கள் இருந்தால் அவற்றுக்கும் வீணாகப் பிட் எழுத வேண்டும். அதைவிட முக்கியம், அந்த நோட்டை வைக்கவே முதலில் ஓர் இடம் தேட வேண்டும். அதற்காகப் பூட்மெம்முக்கும் முன்னே ஒரு சிறு கணக்கைச் சிலர் வைத்தார்கள். பதிவேட்டுக்கு முன் ஒரு பதிவேடு, அதற்கும் முன் இன்னொன்று என்று வரிசை நீண்டது.

இதற்குத் தீர்வு வேறொரு மூலையில் ஏற்கனவே இருந்தது. 2001 ஜூன் மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் பெர்க்னர், பவர்பீசீ வகைக் கணினிகளுக்காக எல்.எம்.பி. என்ற சிறு நிரலை எழுதியிருந்தார். அதில் பிட்டுகளே இல்லை. இரண்டு பட்டியல்கள் மட்டும். ஒன்றில் இருக்கும் நினைவகம். மற்றொன்றில் எடுக்கப்பட்ட இடங்கள். ஒவ்வொரு வரியிலும் தொடக்கம் எது, நீளம் எவ்வளவு என்று மட்டும் இருக்கும். ஒரே நீளமாகக் கிடக்கும் 8 ஜிகாபைட்டுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட பிட்டுகள் எழுத வேண்டிய இடத்தில் இங்கே ஒரே வரி போதும். ஒவ்வொரு மரமாக எண்ணி எழுதாமல், ‘இந்த முளையிலிருந்து அந்த முளை வரை’ என்று எழுதுவதைப் போன்றது இது.

2008ஆம் ஆண்டில் ஸ்பார்க் வகைக் கணினிகளும் பயன்படுத்தும்படி டேவிட் மில்லர் அதைப் பொது இடத்துக்கு மாற்றினார். 2010ஆம் ஆண்டில் யிங்ஹாய் லூ முதலியோர் அதை மற்ற வகைக் கணினிகளுக்கும் கொண்டு வந்தார்கள். அப்போது அதற்கு மெம்பிளாக் என்று புதுப்பெயர் இட்டார்கள். பல ஆண்டுகள் இரண்டு கணக்கரும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள். ஒவ்வொரு வகைக் கணினியாகப் பழையதை விட்டுப் புதியதற்கு மாறியது. மைக் ராப்போபோர்ட் அந்த மாற்றத்தை முடித்து வைத்தார். 2018 டிசம்பரில் வெளிவந்த லினக்ஸ் 4.20 பதிப்பில் பூட்மெம் இல்லை. 19 ஆண்டுகள் உழைத்துவிட்டு அது ஓய்வு பெற்றது.

மெம்பிளாக் கோழி-முட்டைச் சிக்கலை எப்படி அவிழ்த்தது? 1991இல் செய்ததையே ஒரு சிறு அளவில் மீண்டும் செய்தது. கருநிரலோடு சேர்த்துத் தைத்த சிறு நோட்டு அதனிடம் உண்டு. ஒவ்வொரு பட்டியலுக்கும் முதலில் 128 வரிகள். சாதாரணமாக அதுவே போதும். போதாமல் போனால், தானே தனக்கு இடம் ஒதுக்கிக்கொண்டு இரு மடங்கு பெரிய நோட்டுக்கு மாறிக்கொள்ளும். தைத்த நோட்டின் எளிமையும் இருக்கிறது. வளரும் வசதியும் இருக்கிறது.

நீதியோ பழைய நீதிதான். முதல் பட்டியலில் எழுதப்படாத இடம் இல்லாத இடம். இரண்டாம் பட்டியலில் எழுதப்பட்ட இடம் எடுக்கப்பட்ட இடம். இரண்டையும் கழித்து மிஞ்சுவது மட்டுமே காலி. உறுதியாகத் தெரியாத எதையும் அது காலி என்று சொல்வதில்லை.

இந்த எச்சரிக்கை வீண் அச்சமா என்று கேட்கலாம். அல்ல. சில கணினிகளில் பயாஸ் ஓர் இடத்தைக் காலி என்று எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு தானே அங்கு போய் எழுதிவிடுவதைக் கண்டார்கள். காகிதத்தில் காலி, நடைமுறையில் ஆள் நடமாட்டம். பல ஆண்டுகள் கணினிக்குக் கணினி பார்த்துச் சிறிது சிறிதாக ஒதுக்கி வைத்தார்கள். கடைசியில் 2021ஆம் ஆண்டில் இன்டெல் வகைக் கணினிகளில் முதல் 1 மெகாபைட் முழுவதையும் எப்போதும் தொடாமல் விட்டுவிடுவது என்று தீர்மானித்தார்கள். ஆயிரக்கணக்கான மெகாபைட்டுகளில் ஒன்று போனால் போகட்டும். மோதல் வரக் கூடாது.

மேலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த நேரத்தில் தவறு நடந்தால் கணினி பெரும்பாலும் வாய் திறந்து சொல்லவும் முடியாது. திரையில் எழுதிக் காட்டும் பிரிவு இன்னும் எழுந்திருக்கவில்லை. பிழையைக் குறித்து வைக்கும் பிரிவும் இல்லை. பொத்தானை அழுத்தியவர் கருந்திரையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பின்னால் வருபவர் தவறினால் திருத்த ஆள் உண்டு. முதலில் வருபவர் தவறினால் கேட்க ஆள் இல்லை. ஆகவேதான் அந்த வேலையைச் சிறியதாகவும் எளியதாகவும் வைத்திருக்கிறார்கள்.

இப்போது நம் கைப்பேசிக்கு வருவோம். கைப்பேசியில் பழைய பயாஸ் கிடையாது. கருவி மரம் என்று பொருள்படும் பெயருடைய ஒரு விவரக் குறிப்பு, அதன் நினைவக வரைபடத்தைக் கருநிரலுக்குத் தருகிறது. தொலைபேசி அலைகளைக் கவனிக்கும் பகுதி போன்றவற்றுக்குச் சில இடங்கள் முன்னதாகவே ஒதுக்கப்பட்டிருக்கும். அவற்றை மெம்பிளாக் தொடுவதில்லை. அதன் பின் கிராணியின் பதிவேட்டுக்கு இடம் போகும். இவ்வளவும் போன மிச்சமே செயலிகளுக்கு. ஆகவே 4 ஜிகாபைட் என்று பெட்டியில் அச்சிட்ட கைப்பேசியில் அதைவிடச் சற்றுக் குறைவாகத் தெரிந்தால், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம். கணக்கு வைப்பதற்கும் கூலி உண்டு. குறைந்த விலைக் கைப்பேசி வாங்கும் குடும்பத்துக்கு ஒவ்வொரு மெகாபைட்டும் பெரிது. அதனால்தான் இந்தச் செலவைக் குறைப்பதற்காக உலகின் பல பாகங்களில் இருப்பவர்கள் இன்னமும் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நேயர்களே, இந்த வரலாற்றில் பெரிய கண்டுபிடிப்பு என்று கொண்டாடத்தக்க நாள் எதுவும் இல்லை. செய்தித்தாளில் முதல் பக்கத்தில் வந்ததும் இல்லை. ஒருவர் எண்ணி எழுதினார். அடுத்தவர் அதன் குறையைக் கண்டார். மூன்றாமவர் வேறொரு மூலையில் இருந்ததை எடுத்து வந்து பொருத்தினார். நான்காமவர் பழையதைப் பொறுமையாகக் கழற்றி எடுத்தார். அவர்கள் எழுதிய நிரல் முழுவதும் யாரும் கட்டணமின்றிப் படிக்கும்படி திறந்தே வைக்கப்பட்டிருக்கிறது. சிகாமட்டில் தமிழ்ப்பள்ளியில் படித்து, பின்னர் கணினிக் கல்வியை நாடும் ஒரு பிள்ளையும் அதை எடுத்துப் படிக்கலாம். குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். திருத்தம் சரியாக இருந்தால் ஏற்றுக்கொள்வார்கள். அனுப்பியவரின் பெயரும் அதன் வரலாற்றுப் பதிவில் ஏறும்.

கணக்கின் அருமையைத் தோட்டத்து மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. செக்ரோலில் பெயர் விடுபட்டால் அன்றைய கூலி இல்லை என்பதை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாம். எனக்குத் தெரியாததைக் காலி என்று எழுத மாட்டேன். நான் எடுத்துக்கொண்டதையும் மறைக்காமல் எழுதுவேன். வேலை முடிந்ததும் மிச்சம் மீதியில்லாமல் ஒப்படைப்பேன். 1991இலிருந்து இன்றுவரை அந்தச் சின்னஞ்சிறு கணக்கர் கடைப்பிடித்து வரும் விதிகள் இந்த மூன்றே. கணக்கு வைப்பவர் எவராயினும் அவருக்கும் இவை பொருந்தும்.